குழம்பின் மணம் கொல்லையில் பிறக்கும்: தளிப் பகுதியின் அவரையும் வீட்டுச் சம்பாரமும்

நல்ல குழம்பு வைப்பது கைப்பழக்கத்தால் வருவதென்று பலரும் சொல்லுவர். கைப்பழக்கம் வேண்டுவதே. ஆயினும் சட்டியில் விழும் பருப்பும் மல்லியும் மிளகாயும் புளியும் மணமற்றவையாய் இருக்குமாயின், எத்துணைக் கைதேர்ந்தவரும் அவற்றினின்று மணத்தை வருவிக்க இயலாது. மணமானது விதையிலே தொடங்கி, பறிக்கும் பருவத்தில் முதிர்ந்து, உலர்த்தும் களத்திலும் வைக்கும் பானையிலும் காக்கப்பட்டு, முடிவில் அடுப்பில் வெளிப்படுவது. அடுப்புக்கு முந்திய வேலைகள் யாவும் குடியானவர் வசத்தில் உள்ளவை. ஆகையால் வீட்டுக் குழம்பின் ருசியைப்பற்றிய பேச்சு, சமையற்கட்டுக்கு மட்டும் உரியதென்று தள்ளிவிடத் தக்கதன்று. அது விவசாய விஷயமுமாகும். இதற்குத் தளிப் பகுதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வழங்கும் பிதுக்குப் பருப்புக் குழம்பைக் காட்டிலும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

நிலமும் மக்களும்

தளி, கிருஷ்ணகிரி ஜில்லா தேன்கனிக்கோட்டைத் தாலூகாவில், ஓசூருக்குத் தெற்கே கர்நாடக எல்லையை ஒட்டியுள்ள ஊர். இந்நிலப்பரப்பு முன்னர்ச் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1965-ல் தர்மபுரி ஜில்லாவிலும், 2004-ல் கிருஷ்ணகிரி ஜில்லாவிலும் அடங்கிற்று. மேட்டுப் பீடபூமியாதலால் கோடையிலும் வெப்பம் மிகாது. மார்கழி, தை மாதங்களில் பனி கடுமையாய்ப் பெய்யும். வெள்ளைக்காரர் இவ்வூரைச் சிறிய இங்கிலாந்து என்று அழைத்ததாய்ச் சொல்லப்படுவதும் இக்குளிர்ச்சியைக் கருதியே. தமிழ், கன்னடம், தெலுங்கு ஆகிய மூன்று பாஷைகளும் இங்கே ஒரே சந்தையில் கேட்கப்படும். கேழ்வரகுக் களி, முத்தே, சங்கடி என மூன்று பெயர்களில் வழங்குவது ஒரே உணவுதான். களிக்குத் துணையாவது சாறு அல்லது குழம்பு. களிக்குத் தனி ருசி அதிகம் இல்லையாதலால், அதனுடன் உண்ணும் குழம்பு மணமுள்ளதாய் இருந்தாலன்றி உணவு இறங்காது.

மானாவாரி நிலங்களில் கேழ்வரகும், அதன் ஊடே அவரையும், பிந்திய மழைக்குக் கொள்ளும், ஓரங்களில் பேயெள்ளும் விதைப்பது இப்பக்கத்துப் பழைய முறை. இம்முறையின் தொன்மைக்கு எழுத்துச் சான்றும் உண்டு. 1800, 1801-ஆம் வருஷங்களில் மைசூர் நாட்டில் யாத்திரை செய்த பிரான்சிஸ் புக்கானன் என்னும் வைத்தியர், கேழ்வரகைக் கூர்கையில் விதைத்து அதன் இடையே அவரையையும் துவரையையும் தனி வரிசைகளாய் விடும் வழக்கத்தை விவரித்துள்ளார். அவருடைய நூல் 1807-ல் லண்டனில் அச்சாயிற்று. கன்னடத்தார் இவ்வரிசையை அக்கடிச் சால் என்பர்.

இக்காலத்திலோ நிலைமை வேறு. 1970-க்குப் பின் ஓசூரில் தொழிற்சாலைகள் பெருகின. கிராமங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் தினந்தோறும் வண்டியேறி வேலைக்குச் செல்கின்றனர். நிலங்களில் ரோஜாவும் தக்காளியும் முட்டைக்கோசும் பசுமைக்குடில் பயிர்களும் இடம் பெற்றுள்ளன. இவை பணம் தரும் பயிர்கள். இவற்றைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் இவற்றோடு அக்கடிச் சால் மறைந்து, வீட்டுக்கு வேண்டிய பருப்பும் மல்லியும் பொட்டலத்தில் வருமாயின், அக்குடும்பம் ருசியை மட்டுமன்றி வேறு சிலவற்றையும் இழக்கிறது. அவை எவை என்பது பின்னர் விளங்கும்.

கறி என்னும் சொல்

கறி என்னும் தமிழ்ச்சொல் இன்று உலகமெங்கும் வழங்குகின்றது. சங்க காலத்தில் அச்சொல் மிளகைக் குறித்தது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்தினின்று வந்தவை; போர்ச்சுகேசியர் கப்பல்கள் வருமுன் இந்நாட்டார் காரத்திற்கு மிளகையே நம்பியிருந்தனர். இங்கிலாந்தில் ஹன்னா கிளாஸ் என்னும் மாது 1747-ல் வெளியிட்ட சமையல் நூலில் இந்திய முறைக் கறி இடம்பெற்றது. பிற்பாடு அந்நாட்டார், நாளும் புதிதாய் அரைக்க இயலாமையால், எல்லாவற்றையும் ஒன்றாய்ப் பொடித்துப் புட்டியில் அடைத்துக் கறிப்பொடி என்று விற்றனர். சம்பாரச் சாமான்கள் விளையாத குளிர்நாட்டாருக்கு அது தவிர்க்க முடியாத ஏற்பாடு. அவை கொல்லையிலேயே விளையக்கூடிய ஊரில், மாதக்கணக்கில் கடையில் கிடந்த பொடியை வாங்கி உபயோகிப்பதற்கு அத்தகைய காரணம் ஏதுமில்லை.

அவரையின் மணம்

தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் மொச்சை என்று வழங்கும் இனத்தையே இப்பக்கத்தார் அவரை என்பர். நாட்டு அவரை, பகற்பொழுது குறுகினாலன்றிப் பூவாது. ஆடி, ஆவணியில் கேழ்வரகுடன் விதைத்தாலும், ஐப்பசிக்குப் பின்னரே பூக்கத் தொடங்கி, மார்கழி, தையில் பச்சைக்காயும், மாசியில் உலர்ந்த காயும் தரும். கேழ்வரகு அறுவடையான பின், நிலத்தில் எஞ்சிய ஈரத்தையும் இரவுப் பனியையும் கொண்டே இது வாழ்கின்றது.

நன்கு முற்றிய பச்சைக்காயின் தோலில் எண்ணெய்ப் பசை ஒன்று கசிந்திருக்கும். அதைத் தொட்ட விரலில் மணம் வெகுநேரம் நிற்கும். கன்னடத்தில் இதற்குச் சொகடு என்று பெயர். சந்தைக்கு வரும் வியாபாரிகள் காயைக் கையில் எடுத்துத் தேய்த்து முகர்ந்து பார்த்த பின்னரே விலை பேசுவர். இப்பசையை ஆராய்ந்த ரசாயன நிபுணர்கள், அதில் முக்கியமாய் இருப்பவை டோடெசீனாயிக், டெட்ராடெசீனாயிக் என்னும் கொழுப்பமிலங்கள் என்று கண்டனர். பெங்களூரில் வருஷந்தோறும் குளிர்காலத்தில் அவரைக்காய்த் திருவிழா நடப்பதும், மாகடிப் பக்கத்து அவரைக்குத் தனிப்பெயர் இருப்பதும் இம்மணத்தை முன்னிட்டே.

பெங்களூர் விவசாயப் பல்கலைக்கழகத்தார், பருவத்தைப் பொருட்படுத்தாமல் எக்காலத்தும் பூக்கும் ஹெப்பால் அவரை வகைகளை வெளியிட்டுள்ளனர். இவை செடி குட்டையாய், குறுகிய நாட்களில் காய்ப்பவை. பாசன வசதியுள்ளோர் கோடையில் காய் விற்பதற்கு மிக ஏற்றவை. ஆயினும் வாங்குவோர் மணத்தையே முதலில் நாடுவதால், மகசூலோடு மணத்தையும் ஒரு குணமாய்க் கொண்டு தேர்ந்தெடுக்கும் ஆராய்ச்சியும் அங்கே நடந்து வந்துள்ளது. விற்பனைக்கு எவ்வகையைப் பயிரிட்டாலும், மானாவாரிக் கேழ்வரகில் ஓடும் நாட்டு அவரை வரிசையைக் கைவிடாதிருப்பது நலம். ஒரு வீட்டில் மண வித்து ஒருமுறை அற்றுப்போனால், அதே குணத்தை மறுபடி தேடிப்பிடிப்பது எளிதன்று.

வரிசையும் வித்தும்

கேழ்வரகு எட்டு வரிசைக்கு அவரை ஒரு வரிசை என்பது சிபாரிசு செய்யப்படும் அளவு. இதனால் கேழ்வரகுக்கு நெருக்கடி உண்டாவதில்லை. அவரையின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்துவதால் நிலமும் வளம் பெறுகின்றது. கேழ்வரகில் பையூர் 2 முதலிய வகைகளும், கொள்ளில் பையூர் 2-ம், கிருஷ்ணகிரி ஜில்லாவிலுள்ள பையூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்தே வந்தவை. இப்பக்கத்து மானாவாரிக்கு அவை பழகியவை.

அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால், வித்துத் தேர்வதில் பலன் நிச்சயம். தை மாதத்தில் வயலைச் சுற்றி வந்து, காய் நிறைந்தும் பூச்சி அரிக்காமலும் பசையும் மணமும் மிகுந்துமுள்ள செடிகளுக்குச் சணல் கயிற்றைக் கட்டி அடையாளமிட வேண்டும். அச்செடிகளில் பச்சைக்காய் பறிக்காமல், செடியிலேயே உலரவிட்டுத் தனியே அடித்தெடுக்க வேண்டும். விற்றது போக மீந்த சொத்தைக்காயை வித்துக்கு விடுவது பலர் செய்யும் தவறு. இதனால் வருஷத்துக்கு வருஷம் குணம் குன்றும்.

வித்தைப் பல்லால் கடித்தால் நசுங்காமல் பட்டென்று உடையுமளவு காயவைத்து, செம்மண் குழம்பில் புரட்டி உலர்த்திப் பானையிலிட்டு வாயை மூடிவைத்தால் வண்டு அணுகாது. உணவுக்குரிய பருப்பை உடைத்துத் தோல் நீக்கி வைத்தல் நல்லது. வண்டு முழுப்பயறில் முட்டையிடுவது போல் உடைத்த பருப்பில் எளிதாய் இடுவதில்லை.

சம்பாரச் சாமான்களை உலர்த்தலும் வைத்தலும்

கொத்தமல்லி: தட்டில் பாதிக்காய் பச்சை மாறி மஞ்சளோடிய சமயத்தில் அறுக்க வேண்டும். முற்றிலும் காய்ந்து கறுக்கும்வரை விட்டால் விதை உதிர்வதுடன் மணமும் குறையும். வெயிலில் ஓரிரு நாள் வாடவிட்டு, பிறகு நிழலில் உலர்த்தினால் நிறமும் தைலமும் நிற்கும். மல்லி விதையின் மணத்துக்குக் காரணம் லினலூல் என்னும் ஆவித்தைலம். இத்தைலத்தை விதையின் தோல் காக்கின்றது. பொடித்தவுடன் காற்றில் கலையத் தொடங்குகிறது. ஆகவே வருஷத்துக்கு வேண்டியதை விதையாகவே வைத்துக்கொண்டு, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் பொடிப்பதே முறை.

மிளகாய்: செடியில் நன்கு பழுத்த காயை மட்டும் பறித்து, நிறம் ஒத்துவர ஒரு நாள் நிழலில் குவித்து, பின் சிமெண்டுக் களத்திலோ தார்ப்பாயிலோ மெல்லிய படலமாய்ப் பரப்ப வேண்டும். மண்தரையில் கொட்டலாகாது. மாலையில் குவித்து மூடாமல் பனியில் விடுவதால் வரும் கேடு பெரிது. ஈரம் பட்ட மிளகாயிலும் நிலக்கடலையிலும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூசணம் தோன்றி, அப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. 1960-ல் இங்கிலாந்தில், பூசணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் லட்சத்துக்கு மேல் மாண்டபோதுதான் இந்நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது. இது ஈரலைக் கெடுப்பது. நாள்பட உட்கொண்டால் ஈரல் புற்றுக்கும் காரணமாவது. கொதிக்கவைப்பதாலும் தாளிப்பதாலும் இது முற்றும் அழிவதில்லை. எனவே பூசணம் கண்ட மிளகாயைத் துடைத்து வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் சிக்கனம் ஆபத்தான சிக்கனம். உலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும் பதமே சரியான உலர்ச்சி. காரம் விதையில் அதிகம் என்பது பொது எண்ணம். உண்மையில் அது விதை ஒட்டியுள்ள வெண்மையான தண்டுச் சதையிலேயே மிகுதியாய் உள்ளது. நிறம் வேண்டுவோர் 2011-ல் புவிசார் குறியீடு பெற்ற கர்நாடகத்துப் பியாடகி மிளகாயைக் காரமிளகாயுடன் கலந்துகொள்ளலாம்.

புளி: கிருஷ்ணகிரி ஜில்லா புளிக்குப் பெயர்போனது. தேன்கனிக்கோட்டைக்குத் தெற்கேயுள்ள உரிகத்தின் பெயரால் ஒரு புளி வகையே வழங்குகின்றது. ஓடும் நாரும் கொட்டையும் நீக்கி, வெயிலில் ஒருநாள் காட்டி, உப்புத் தூவி மண்பாண்டத்தில் அழுத்தி வைத்தால் வருஷம் முழுதும் கெடாது. பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களில் புளியை வைப்பது தகாது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் உலோகத்தை அரிக்கும்.

பேயெள்: இதை வறுத்து மிளகாய், பூண்டுடன் பொடித்து வைத்தால் களிக்கும் கீரைச்சாற்றுக்கும் துணையாகும். எண்ணெய் மிகுந்ததாகையால் பொடி விரைவில் காறும். பத்து நாட்களுக்கு வேண்டியதை மட்டும் பொடித்தல் நலம்.

அடுப்பில் மணம் வெளிப்படும் விதம்

சம்பாரங்களின் மணத் தைலங்களும் மஞ்சளின் நிறமும் நீரைவிட எண்ணெயில் நன்றாய்க் கரைவன. அதனால்தான் தாளிப்பு என்னும் வழக்கம் ஏற்பட்டது. எண்ணெய் காய்ந்த பின் கடுகு, அது வெடித்த பின் கறிவேப்பிலை, முடிவில் பெருங்காயம் என்ற வரிசைக்கும் காரணம் உண்டு. கடுகை ஈரத்தில் அரைத்தால் அதிலுள்ள நொதியம் வேலைசெய்து மூக்கைத் துளைக்கும் காரம் பிறக்கும். காய்ந்த எண்ணெயில் வெடித்தால் அந்நொதியம் கெட்டு, கடலையைப் போன்ற இதமான ருசி உண்டாகும். பெருங்காயத்தின் கடுநாற்றம் சூடான எண்ணெயில் அடங்கி, வெங்காயம், பூண்டை ஒத்த மணமாய் மாறும். ஆப்கானிஸ்தானத்திலிருந்தும் ஈரானிலிருந்தும் வருவதாகிய இப்பொருளை இந்நாட்டில் விளைவிக்கும் முயற்சி, 2020-ல் இமாசலப் பிரதேசத்து லாஹூல் பள்ளத்தாக்கில் ஆரம்பிக்கப்பட்டது.

மல்லி, மிளகாய் முதலியவற்றை இளந்தீயில், ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுக்க வேண்டும். சீரகமும் கசகசாவும் விரைவில் கருகுவன. மல்லிக்கு அதிக நேரம் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டி வறுத்தால் ஒன்று கருக, மற்றொன்று பச்சையாய் நிற்கும். வறுத்தவை நன்கு ஆறிய பின்னரே அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் தைலம் ஆவியாகிவிடும். அம்மியில் அரைக்க இயலாதவர் மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டி அரைத்தால் சூடேறாது.

பருப்பு வேகுமுன் புளியோ தக்காளியோ சேர்த்தலாகாது. புளிப்புப் பட்ட பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் மெத்தென்று வேகாது. சுண்ணச்சத்து மிகுந்த கிணற்று நீரிலும் இதே குறை நேரும். இங்கே நீரைப்பற்றி மற்றொன்றும் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரி ஜில்லாக்களில் பல ஆழ்கிணறுகளின் நீரில் புளோரைடு மிகுந்துள்ளது. அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும். கொதிக்கவைப்பதால் அது நீங்காது. நீர் சுண்டச்சுண்ட அதன் வீதம் கூடவே செய்யும். ஆகையால் 2013-ல் நடைமுறைக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் கிடைக்கும் ஊர்களில், குடிப்பதற்கு மட்டுமன்றிச் சமையலுக்கும் அந்நீரையே உபயோகித்தல் அவசியம்.

பிதுக்குப் பருப்புக் குழம்பு

ஆறு பேருக்கு வேண்டிய அளவு கீழே தரப்படுகிறது.

பிதுக்கிய அவரைப் பருப்பு அரைக் கிலோ, கொத்தமல்லி விதை 20 கிராம், மிளகாய் வற்றல் 8, மிளகு அரைத் தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, கசகசா 1 தேக்கரண்டி, பட்டை ஒரு சிறு துண்டு, கிராம்பு 3, தேங்காய் அரை மூடி, சின்ன வெங்காயம் 15, பூண்டு 10 பல், இஞ்சி ஒரு துண்டு, தக்காளி 2, மல்லித்தழை ஒரு கைப்பிடி, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, கடலை எண்ணெய் 3 மேசைக்கரண்டி, கடுகு, கறிவேப்பிலை, உப்பு வேண்டிய அளவு.

காயைப் பறித்த அன்றே உரிப்பது உத்தமம். உரிக்குமுன் காயை நீரில் ஊறவைக்கலாகாது, மணப்பசை போய்விடும். உரித்த விதையை இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, காலையில் அந்நீரைக் கொட்டிவிட்டு, விதையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அழுத்தினால் பருப்பு தோலினின்று வழுக்கி வெளிவரும். தோலைப் பசுவுக்கு வைக்கலாம். இவ்வேலை நேரம் பிடிப்பது. ஆயினும் வீட்டிலுள்ள கிழவரும் சிறுவரும் கூடி உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடியும். பச்சைக்காய் இல்லாத காலத்தில் உலர்ந்த விதையையும் இவ்வாறே பிதுக்கலாம். அதற்கு ஊறும் நேரம் கூடுதலாய் வேண்டும். உலர்ந்த அவரை விதையில் உடலுக்கு ஒவ்வாத சில பொருள்கள் இருப்பதால், ஊறிய நீரை நீக்கி, நன்றாய் வேகவைத்த பின்னரே உண்ண வேண்டும்.

மல்லி, மிளகாய், மிளகு, சீரகம், கசகசா, பட்டை, கிராம்பு இவற்றை முற்கூறியபடி வறுத்து ஆறவைக்க வேண்டும். ஒரு கரண்டி எண்ணெயில் வெங்காயத்தில் பத்தையும், பூண்டு, இஞ்சியையும் பொன்னிறமாய் வதக்க வேண்டும். வறுத்தவற்றை முதலில் பொடித்து, பின் வதக்கியவற்றையும் தேங்காய், மல்லித்தழையையும் சேர்த்து நீர் தெளித்து வெண்ணெய் போல் அரைக்க வேண்டும்.

பருப்பை மஞ்சள் தூளுடன் ஒன்றரை லிட்டர் நீரில், திறந்த பாத்திரத்தில் வேகவிட வேண்டும். பிரஷர் குக்கரில் வைத்தால் குழைந்துவிடும். பருப்பு விரலில் நசுங்கியும் உருக்குலையாமலும் இருக்கும் பதமே தக்கது. வேறொரு சட்டியில் மீதி எண்ணெயைக் காயவைத்து, கடுகு வெடித்ததும் கறிவேப்பிலையும், எஞ்சிய வெங்காயத்தை அரிந்தும் இட்டு வதக்கி, தக்காளி சேர்த்து மசிந்ததும், அரைத்ததை இட்டு எண்ணெய் பிரியும்வரை இளந்தீயில் கிளற வேண்டும். பச்சை வாசனை போவது இக்கட்டத்திலேயே. இதை அவசரப்படுத்தினால் பிறகு எவ்வளவு கொதித்தும் குறை தீராது. அதன்பின் வெந்த பருப்பை நீருடன் ஊற்றி, உப்பிட்டு, பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு இறக்கி மூடிவைக்க வேண்டும். அரைமணி நேரம் சென்று பரிமாறினால் சம்பாரம் பருப்பில் ஊறி மிகுந்த ருசி தரும்.

கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தானியங்களில் இது தலையானது. ஆனால் அதன் புரதம் சொற்பம். அதிலும் லைசின் என்னும் கூறு குறைவு. அவரையில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் புரதம் உண்டு, லைசினும் நிறைந்தது. களியையும் அவரைக் குழம்பையும் சேர்த்துண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. வயலில் அருகருகே வளர்ந்த இரண்டும் வட்டிலிலும் அருகருகே இருப்பதே தகும்.

மற்றக் காலங்களில்

அவரை ஓய்ந்தபின் கொள்ளு கைகொடுக்கும். கொள்ளை வறுத்து நீர் நிறைய விட்டு வேகவைத்து, அந்நீரை இறுத்துப் புளி, மிளகு, சீரகம், பூண்டு சேர்த்துச் சாறாக்கலாம். வெந்த கொள்ளைத் தாளித்துச் சுண்டலாக்கலாம். மழைக்காலத்தில் தானே முளைக்கும் கீரைகளையும் ஏதேனும் ஒரு பருப்பையும் சேர்த்து வேகவைத்து, வடித்த நீரில் சாறும், திப்பியில் பொரியலும் செய்வதைப் பஸ்ஸாறு என்பர். ஒரே அடுப்பில், ஒரே விறகில் இரண்டு பதார்த்தங்கள் கிடைப்பதோடு, கீரையின் சத்து சாக்கடையில் போகாமலும் இருக்கின்றது.

கடைச் சாமான்களைச் சோதித்தல்

எல்லாவற்றையும் வீட்டிலேயே விளைவித்தல் எவருக்கும் இயலாது. வாங்குவதைப் பொடியாய் வாங்காமல் முழுதாய் வாங்குவதே முதற் பாதுகாப்பு. இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்ப் பொடியில் சூடான் என்னும் சாயம் இருப்பது 2003-ல் ஐரோப்பாவில் கண்டுபிடிக்கப்பட்டதும், அதனால் இந்நாட்டு ஏற்றுமதிக்கு நேர்ந்த அவப்பெயரும் பலர் அறிந்தவை. பொடியை வாங்கியே தீரவேண்டின் பின்வரும் எளிய சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

மிளகாய்ப் பொடியைக் கண்ணாடித் தம்ளரிலுள்ள நீரில் தூவினால், சாயம் கலந்திருப்பின் நிறம் உடனே கோடுகோடாய் இறங்கும். மல்லிப் பொடியை நீரில் இட்டால் உமி, தவிடு, மரத்தூள் மேலே மிதக்கும். மஞ்சள் கிழங்கை நீரில் போட்டதும் மஞ்சள் நிறம் பெருகி வெளிப்படுமாயின், அதன்மேல் ஈயக் குரோமேட்டுப் பூச்சு இருத்தல் கூடும். ஈயம் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் கெடுப்பது. நீரில் மிதக்கும் மிளகு, பப்பாளி விதையாகவோ சொத்தையாகவோ இருக்கலாம். கடுகை நசுக்கினால் உள்ளே மஞ்சளாய் இருக்கும். மேல்தோல் சொரசொரப்பாயும் உள்ளே வெளுப்பாயும் இருந்தால் அது பிரமதண்டு விதை. அவ்விதை கலந்த எண்ணெயால் 1998-ல் டெல்லியில் பலர் வீக்க நோயுற்று மாண்டனர். சந்தேகம் தோன்றியவிடத்துப் பொட்டலத்தை எறிந்துவிடாமல், 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்டுள்ள அதிகாரிக்குத் தெரிவித்தால் ஊராருக்கெல்லாம் நன்மையாகும்.

செய்யத்தக்கவை

நிலமுடையோர், எந்தப் பணப்பயிரைச் செய்தாலும், வீட்டுச் செலவுக்கென்று பத்து சென்டு நிலத்தையாவது ஒதுக்கி வைப்பது உசிதம். அதில் கேழ்வரகும் அவரையும், பிந்திய பருவத்தில் மல்லியும், வரப்பில் பத்து மிளகாய்ச் செடியும், கிணற்றடியில் ஒரு கறிவேப்பிலை மரமும் இருந்தால் ஒரு குடும்பத்தின் சம்பாரச் செலவு பெருமளவு குறையும். பூச்சிமருந்து அடித்த தோட்டப் பயிரின் ஓரத்தில் இவற்றை வைக்காமல், தனியிடத்தில் வைத்தல் நலம்.

தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்கள் உள்ள வீடுகளில், நாள்தோறும் அம்மியில் அரைத்தல் கூடாத காரியம். அத்தகைய வீட்டார் ஓய்வு நாளில் வாரத்துக்கு வேண்டிய மல்லி, மிளகாயை வறுத்துப் பொடித்து, ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் வெளிச்சம் படாமல் வைத்துக்கொண்டால், அன்றன்று தேங்காயும் வெங்காயமும் அரைப்பது சிறு வேலையாகிவிடும். பிதுக்கிய பருப்பைக் குளிர்பெட்டியில் இரண்டொரு நாள் வைக்கலாம். பிதுக்குதல், உரித்தல், வறுத்தல் இவற்றை ஆண்களும் பகிர்ந்து செய்தால் வேலை பாதியாகும், இதில் குறைவேதுமில்லை.

கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கல் எழுதுங்கால், கேழ்வரகோடு அவரையும் துவரையும் ஊடுபயிராய் இருப்பதைக் கவனித்துத் தவறாமல் பதிவு செய்வாராயின், அப்பயிர்களுக்கு நஷ்டம் நேரும்போது குடியானவர்களுக்கு உதவியாயிருக்கும். இப்பக்கத்தில் எவ்வளவு அவரை எஞ்சியுள்ளது என்பதும் சர்க்காருக்குத் தெரியவரும். மண வித்து வைத்திருக்கும் வீடுகளைக் கண்டறிந்து, தை மாதத்தில் கிராமசபை கூடும்போது வித்துப் பரிமாற்றத்துக்கு ஏற்பாடு செய்வதும் அவர்களால் ஆகக்கூடிய காரியமே. ஒரு படி வித்தைக் கொடுத்தவர் அடுத்த வருஷம் ஒன்றரைப் படி பெறுவது என்ற பழைய ஊர்வழக்கம் இதற்குப் போதும்.

வரும் ஆடி விதைப்புக்குக் கூர்கை கட்டும்போது, எட்டு வரிசைக்கு ஒன்றாக அக்கடிச் சாலை விட மறவாதிருக்க வேண்டும். அதற்கு வேண்டிய வித்தைச் சித்திரையிலேயே எடுத்துப் பார்த்து, வண்டு விழுந்திருந்தால் அப்போதே மாற்று வித்துத் தேடிக்கொள்ளல் தகும்.